கிணற்று நீரை அளந்து, சோதித்து, அதற்கேற்ப வெள்ளாமை செய்வது எப்படி? கொங்கு மேட்டு நிலத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் மேட்டு நிலங்களில் கிணறு வற்றினால் அடுத்ததாக ஆழ்துளை போடும் ரிக் வண்டிதான் தோட்டத்துக்குள் நுழைகிறது. 800 அடி, 1,000 அடி, அதற்கும் கீழே என்று துளை இறங்குகிறது, கடன் ஏறுகிறது. அந்த வண்டியைக் கூப்பிடுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். என் நிலத்தடியில் ஆண்டுக்கு எவ்வளவு தண்ணீர் சேர்கிறது? நான் எவ்வளவு எடுக்கிறேன்? எடுக்கும் தண்ணீரோடு எவ்வளவு உப்பை என் மண்ணில் கொட்டுகிறேன்?

இவற்றுக்கு விடை காணப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு கயிறு, ஒரு டிரம், ஒரு நோட்டு, ஓர் ஆய்வக அறிக்கை போதும்.

படி 1: காலடியில் இருக்கும் பாறையைத் தெரிந்துகொள்ளுங்கள்

தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப் பாறைதான். காவிரிப் படுகையின் மணல் படிவத்தில் தண்ணீர் துகள்களுக்கு இடையே எங்கும் பரவி நிற்கும். நம்முடைய நெய்ஸ், சார்னோகைட் பாறைகளில் அப்படி இல்லை. மேலே செம்மண் அல்லது கரிசல். அதன்கீழ் சுக்கான் சரளையும் மக்கிய பாறையும். அதற்கும் கீழே அங்கங்கே வெடிப்பு ஓடும் கரும்பாறை. தண்ணீரைச் சேர்த்து வைப்பது பெரும்பாலும் மக்கிய பாறை அடுக்குதான். வெடிப்புகள் அதை இங்கிருந்து அங்கே கொண்டுசெல்லும் வழிகள். அவற்றுக்குள் பெரிய சேமிப்பு கிடையாது.

இந்த ஒரு விஷயம் புரிந்தால் பல புதிர்கள் விலகும். மேலடுக்கு வற்றிவிட்ட வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணறு முதல் ஆண்டு பீய்ச்சி அடித்துவிட்டு, பிறகு மூச்சு வாங்குவது ஏன்? வெடிப்புக்குள் இருந்த பழைய நீர் தீர்ந்ததும், மேலிருந்து நிரப்ப ஆளில்லை. போதாக்குறைக்கு, ஆழம் கூடக் கூடப் பாறையின் எடை வெடிப்புகளை இறுக்குகிறது. 1,000 அடிக்குக் கீழே தண்ணீர் கிடைக்கவே கிடைக்காது என்று சொல்லவில்லை; கிடைக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது என்பதைப் பணம் கட்டும் முன் உணர வேண்டும்.

மக்கிய பாறை தன் கன அளவில் 100-க்கு 1 முதல் 3 பங்கு வரையே தண்ணீரை வெளியே விடும். 2 பங்கு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 20 மி.மீ. தண்ணீர் உள்ளே இறங்கினாலே நீர்மட்டம் 1 மீட்டர் உயர்ந்துவிடும், 20 மி.மீ. எடுத்தாலே 1 மீட்டர் இறங்கிவிடும். ஐப்பசி மழையில் கிணறு மளமளவென்று ஏறுவதும் மாசியில் அதே வேகத்தில் இறங்குவதும் இதனால்தான். கார்த்திகையில் நிறைந்து நிற்கும் கிணற்றைப் பார்த்துப் பெரிய பயிருக்குத் துணிபவர்கள் சித்திரையில் தவித்து நிற்பதற்கும் இதுவே காரணம்.

இடம் பார்ப்பதற்குத் தேங்காயையும் வேப்பங்கவையையும் கையில் ஏந்தி நடப்பவர்களை நம்பிப் பல லட்சங்களை இறக்குகிறார்கள். அந்த முறை கட்டுப்பாடான சோதனைகளில் தேறியதில்லை. பாறையின் மின்தடையை அளந்து பார்க்கும் புவியியல் ஆய்வும் தவறலாம்; ஆனாலும் அதற்கு ஓர் அடிப்படை இருக்கிறது. அதோடு பக்கத்துத் தோட்டங்களில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது, எத்தனை துளைகள் வீணாயின என்று கேட்டு எழுதுங்கள். செலவில்லாத மிகச் சிறந்த ஆய்வு அது.

படி 2: மாதம் ஒருமுறை நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள்

கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். கிணற்றுச் சுவரில் ஓர் இடத்தில் பெயின்ட் அடையாளம் வைத்து, எப்போதும் அங்கிருந்தே அளக்க வேண்டும். காலையில், மோட்டார் போடுவதற்கு முன் அளந்தால்தான் அந்த எண் உண்மை பேசும். பல ஊர்களில் அமாவாசையன்று ஏர் பூட்டுவதில்லை. அந்த நாளை இதற்கென ஒதுக்கிவிட்டால் மறக்காது. ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் இறக்கும்போதே அரை அங்குலக் குழாய் ஒன்றையும் கூடவே இறக்கி வைத்தால் அதன் வழியாக அளக்கலாம்.

ஒரே ஆண்டின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். இந்தச் சித்திரை மட்டத்தைச் சென்ற சித்திரை மட்டத்தோடும், இந்த மார்கழியைச் சென்ற மார்கழியோடும் ஒப்பிடுங்கள். நல்ல மழை பெய்த ஆண்டிலும் மார்கழி மட்டம் பழைய உயரத்துக்குத் திரும்பவில்லை என்றால், உங்கள் வட்டாரம் வரவுக்கு மேல் செலவு செய்கிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியமும் மாநில அரசும் தமிழ்நாட்டை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து இதே கணக்கைப் போடுகின்றன. எடுக்கும் நீர் ஆண்டு வரவில் 70 சதவீதத்துக்குள் இருந்தால் பாதுகாப்பானது. 90 வரை பாதி அபாயம். 100 வரை அபாயம். அதற்கு மேல் போனால் மிகை நுகர்வு. உங்கள் வட்டாரம் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் புதிய துளையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

படி 3: ஊற்று எவ்வளவு தருகிறது?

கிணற்றை நன்றாக இறைத்து, மட்டத்தைக் குறித்துக்கொண்டு, மோட்டாரை நிறுத்துங்கள். மறுநாள் அதே நேரத்தில் எத்தனை அடி ஏறியிருக்கிறது என்று பாருங்கள். 40-க்கு 40 அடிச் சதுரக் கிணற்றில் 5 அடி ஏறியிருந்தால் 8,000 கன அடி ஊறியிருக்கிறது. ஒரு கன அடி 28.3 லிட்டர், ஆகவே ஏறத்தாழ 2.26 லட்சம் லிட்டர். ஓர் ஏக்கருக்கு 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்ட 2 லட்சம் லிட்டர் வேண்டும். அதாவது அந்தக் கிணற்றின் ஒரு நாள் ஊற்று, ஓர் ஏக்கர் பாத்திப் பாசனத்துக்கு ஒரு முறைக்குப் போதும். கோடையிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். பயிர்ப் பரப்பைத் தீர்மானிக்க வேண்டியது அந்தக் கோடை எண்தான்.

ஆழ்துளைக் கிணற்றுக்கு 200 லிட்டர் டிரம் ஒன்று போதும். எத்தனை விநாடியில் நிறைகிறது என்பதை மோட்டார் போட்டவுடன் ஒருமுறையும், இரண்டு மணி நேரம் ஓடியபின் ஒருமுறையும் பாருங்கள். முதல் அளவு உங்களை மகிழ்விக்கும். இரண்டாவது அளவே கணக்கில் சேர வேண்டியது.

படி 4: வரவையும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

வரவு: ஓர் ஏக்கரில் 1 மி.மீ. மழை பெய்தால் சுமார் 4,050 லிட்டர். ஆண்டு மழை 650 மி.மீ. என்று கொண்டால் 26 லட்சம் லிட்டர். கடினப் பாறைப் பகுதியில் அதில் பத்தில் ஒரு பங்கு நிலத்தடிக்கு இறங்கினாலே நல்லது. அப்படியானால் ஏக்கருக்கு 65 மி.மீ., அதாவது சுமார் 2.6 லட்சம் லிட்டர். மேலே சொன்ன பாத்திப் பாசனத்தில் ஒரு தண்ணீருக்கு, அதாவது ஒரு முறை கட்டும் 2 லட்சம் லிட்டருக்கு, சற்று மேல். உங்கள் ஏக்கரில் பெய்யும் மழை உங்கள் கிணற்றுக்குத் தரும் ஆண்டு வரவு இவ்வளவுதான். குளமோ, வாய்க்காலோ, பரம்பிக்குளம்–ஆழியாறு பாசன நிலமோ பக்கத்தில் இருந்தால் கசிவு நீர் கூடுதலாக வரும். அதைத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.

செலவு: வாழைக்கு ஏறத்தாழ 1,800 மி.மீ. தண்ணீர் வேண்டும். மழையிலிருந்து 400 மி.மீ. நேராகக் கிடைத்தாலும் மீதி 1,400 மி.மீ. கிணற்றிலிருந்துதான் வர வேண்டும். பாய்ச்சியதில் ஒரு பங்கு திரும்பவும் கீழே இறங்கும் என்று கழித்தாலும், ஓர் ஏக்கர் வாழை குடிப்பது சுமார் 15 ஏக்கரில் சேரும் மழைநீரை. கரும்பு இன்னும் அதிகம் கேட்கும். மஞ்சளும் இந்த வரிசையில்தான் வருகிறது. மக்காச்சோளமும் நிலக்கடலையும் 500 மி.மீ. அளவில் முடிகின்றன. சோளம் அதற்கும் கீழே. எள்ளுக்கு 300 மி.மீ.க்குள் அடங்கிவிடும். காய்க்கும் தென்னைக்குச் சொட்டுநீரில் கோடை நாளொன்றுக்கு 65 லிட்டர் அளவு. ஏக்கருக்கு 70 மரம் என்றால் நாளுக்கு 4,550 லிட்டர்.

அந்த 15 ஏக்கரும் உங்களுடையதாக இல்லாவிட்டால், மிச்சத் தண்ணீர் பக்கத்துத் தோட்டத்துடையது. இதைச் சொல்வது வாழை விவசாயியைக் குற்றம் சாட்டுவதற்காக அன்று. சந்தை எதற்கு விலை கொடுக்கிறதோ அதைத்தான் அவர் நடுகிறார். ஆனால் தண்ணீரின் கணக்கு சந்தை விலையைக் கேட்டு மாறுவதில்லை.

மின்சாரம் இலவசம் என்பதால் ஆழத்தின் விலை நமக்குத் தெரிவதில்லை. 100 மீட்டர் ஆழத்திலிருந்து ஓர் ஏக்கருக்கு 5 செ.மீ. தண்ணீர் கட்ட, வழக்கமான மோட்டாருக்கு 135 யூனிட்டுக்கு மேல் ஆகும். 300 மீட்டர் என்றால் 400 யூனிட். கம்ப்ரசர் மோட்டாரில் இது இன்னும் கூடும்.

படி 5: தண்ணீர் மாதிரியைச் சரியாக எடுங்கள்

மோட்டாரைக் கால் மணி நேரமாவது ஓடவிட்டு, குழாயில் தேங்கியிருந்த நீர் போன பிறகு பிடிக்க வேண்டும். ஒரு லிட்டர் புது பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, காற்று நிற்காமல் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். பெயர், சர்வே எண், கிணறா துளையா, எத்தனை அடி, தேதி, என்ன பயிர் என்று எழுதி ஒட்டி, முடிந்தால் அன்றே வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுத்துவிடுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை போதும்: சித்திரையில் ஒன்று, மழை முடிந்து தையில் ஒன்று.

படி 6: அறிக்கையில் மூன்று எண்களை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

முதலாவது மின்கடத்துதிறன். அறிக்கையில் ஈ.சி. என்று இருக்கும். தண்ணீரில் மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதன் அளவு இது. 0.75 டெசிசீமன்சுக்குள் இருந்தால் கவலை வேண்டாம், 0.75 முதல் 2.25 வரை பயிரையும் மண்ணையும் பார்த்துப் பயன்படுத்த வேண்டும். அதற்கு மேல் உவர் தாங்கும் பயிருக்கு மட்டும். சில ஆய்வகங்கள் 2,000 என்று மைக்ரோசீமன்சில் எழுதும். ஆயிரத்தால் வகுத்தால் 2.

இந்த 2 என்ற எண் பார்க்கச் சின்னதாக இருக்கிறது. ஆனால் லிட்டருக்குச் சுமார் 1.28 கிராம் உப்பு என்று அதற்குப் பொருள். ஓர் ஏக்கருக்கு ஒரு தண்ணீர் கட்டினால் ஏறத்தாழ 260 கிலோ உப்பு மண்ணில் சேரும். 50 கிலோ மூட்டையில் ஐந்துக்கு மேல்! பத்துத் தண்ணீர் கட்டினால் இரண்டரை டன். தண்ணீரைப் பயிர் குடிக்கும், வெயில் குடிக்கும். உப்பை யாரும் குடிப்பதில்லை. மழை அடித்துக் கீழே தள்ளினால்தான் உண்டு. தள்ளினால் அது மீண்டும் கிணற்றுக்கே வருகிறது.

எந்தப் பயிர் எவ்வளவு தாங்கும்? விளைச்சல் குறையாமல் இருக்க, பாசன நீரின் ஈ.சி. பருத்திக்கு 5.1 வரை, சோளத்துக்கு 4.5, நிலக்கடலைக்கு 2.1, தக்காளிக்கு 1.7, மக்காச்சோளத்துக்கும் கரும்புக்கும் 1.1, வெங்காயத்துக்கு 0.8, பீன்ஸுக்கு 0.7. மண்ணில் ஓரளவு வடிகால் இருந்தால் பொருந்தும் எண்கள் இவை. வெங்காயத்துக்குப் பேர் போன பகுதிகளில் ஆழ்துளை நீரை நம்பிய பிறகு காய் சிறுத்துப்போனால், விதையை மாற்றும் முன் இந்த எண்ணைப் பாருங்கள்.

இரண்டாவது எண் சோடியம் உறிஞ்சு விகிதம், எஸ்.ஏ.ஆர். என்று வரும். 10-க்குள் நல்லது, 18-க்கு மேல் மண் கெடும். மூன்றாவது, எஞ்சிய சோடியம் கார்பனேட், ஆர்.எஸ்.சி. 1.25-க்குள் பாதுகாப்பு, 2.5-க்கு மேல் பாசனத்துக்கு ஆகாது. மூன்றில் இதுதான் அதிகம் ஏமாற்றும். இந்த வகை நீரில் மொத்த உப்பு குறைவாக இருக்கலாம். நாக்குக்கு நல்ல தண்ணீராகவே தெரியும். ஆனால் மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தை அது பிரித்துப் படியச் செய்து, அந்த இடத்தில் சோடியத்தை உட்கார வைக்கிறது. மண் ஈரத்தில் குழம்பாகி, காய்ந்தால் ஓடு கட்டுகிறது. கட்டிய தண்ணீர் இறங்காமல் நிற்கிறது. நம் ஊரில் களர் என்று சொல்கிறோமே, அது இப்படியும் உருவாகும்.

ஆர்.எஸ்.சி. அதிகமென்றால் மருந்து ஜிப்சம். ஒரு தண்ணீருக்கு, ஏக்கருக்கு, ஓர் அலகு குறைக்கச் சுமார் 17 கிலோ தூய ஜிப்சம் வேண்டும்; கடையில் கிடைப்பதில் தூய்மை குறைவு என்பதால் 23 கிலோ வரை. ஜிப்சக் கட்டிகள் நிரப்பிய தொட்டி வழியாகத் தண்ணீரை ஓடவிட்டுப் பாய்ச்சுவது நல்ல முறை. ஈ.சி. அதிகமென்றால் ஜிப்சம் உதவாது. மழைநீரோடு கலந்து பாய்ச்சுவது, முளைக்கும் பருவத்தில் மட்டுமாவது நல்ல நீர் கொடுப்பது, அவ்வப்போது சற்றுக் கூடுதலாகக் கட்டி உப்பை வேருக்குக் கீழே தள்ளுவது ஆகியவைதான் வழி. கடைசி முறை செம்மண் சரளையில் பலிக்கும். கரிசலில் வடிகால் வெட்டாமல் முயன்றால் நிலம் உவராகும். தழையுரமும் தொழுவுரமும் இரண்டு வகை மண்ணுக்கும் துணை.

உப்பு நீரைத் தெளிப்பான் மூலம் இலைமேல் அடிக்காதீர்கள்; இலை ஓரம் கருகும். சொட்டுநீர் நல்லது; உப்பு ஈர வட்டத்தின் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். ஆனால் அந்தப் பருவத்தின் முதல் தூறலில் ஓரத்து உப்பு வேருக்குத் திரும்ப வரும் என்பதால், தூறல் விழும்போதும் சொட்டுநீரை நிறுத்தாமல் ஓடவிட வேண்டும். சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் சொட்டுநீர் முழு மானியத்திலும், மற்றவர்களுக்கு 75 சதவீத மானியத்திலும் கிடைக்கிறது.

படி 7: நைட்ரேட்டைத் தனியாகக் கேளுங்கள்

குடிநீருக்கான இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 45 மி.கி. உரம், சாணக்குழி, கழிவறைக் குழி மூன்றும் கிணற்றில் இதை ஏற்றுகின்றன. கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை நைட்ரேட் குறைக்கும். புட்டிப்பாலுக்கு அந்தத் தண்ணீர் கூடவே கூடாது. காய்ச்சினால் போய்விடும் என்பது ஆபத்தான நம்பிக்கை. கொதிக்கக் கொதிக்க அடர்த்தி கூடும். ஃபுளோரைடும் அப்படியே. லிட்டருக்கு 1.5 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பற்களில் பழுப்புக் கறையோடு வளரும் பிள்ளைகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

வயலில் கதை வேறு. லிட்டருக்கு 100 மி.கி. நைட்ரேட் உள்ள கிணற்றிலிருந்து பத்துத் தண்ணீர் கட்டினால் ஏக்கருக்குச் சுமார் 46 கிலோ தழைச்சத்து சேர்ந்துவிடுகிறது. 100 கிலோ யூரியாவில் இருப்பதும் அவ்வளவுதான்! அதைக் கழிக்காமல் மேலும் யூரியா போடுவது காசையும் கரைத்து, கிணற்றையும் கெடுக்கிறது.

படி 8: மழையை நிலத்திலேயே நிறுத்துங்கள்

வரப்பை உயர்த்துவதும் சரிவுக்குக் குறுக்கே உழுவதும் முதல் வேலை, பண்ணைக்குட்டை அடுத்தது. ஓடி வரும் நீரைக் கிணற்றுக்குள் விடுவதானால், முன்னால் ஆறடிக் குழி வெட்டி அடியில் பெருங்கல், அதன்மேல் ஜல்லி, மேலே மணல் என்று நிரப்பி, வண்டலை வடித்துவிட்டே விட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசியில் மேல் மணலை மாற்றுங்கள். பூச்சிமருந்து அடித்த வயலின் நீரையும், தெருச் சாக்கடையையும் ஒருபோதும் ஆழ்துளைக்குள் விடாதீர்கள். வெடிப்புக்குள் போன நஞ்சை வெளியே எடுக்க வழியில்லை.

நிலத்தடிக்குள் கழிவு போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரத்துப்பாளையத்தை விடப் பெரிய சாட்சி வேண்டாம். நொய்யலில் 1992-ல் பாசனத்துக்காகக் கட்டிய அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறியது. அதைச் சுற்றியும் கீழேயும் கிணறுகள் உப்பேறின; விவசாயிகள் நீதிமன்றம் ஏறினார்கள்; 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. சாயநீரை நிறுத்துவதற்கே இவ்வளவு காலம் ஆயிற்று. பாறைக்குள் ஏறிய உப்பு அந்த உத்தரவால் உடனே வெளியேறிவிடாது.

பவானியின் உபரி நீரைக் கொண்டுவரும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. இலக்கு 1,045 குளம் குட்டைகள். உங்கள் ஊர்க் குளம் அதில் இருந்தால் குளத்துக்கு நீர் வரும் நாளிலிருந்து கிணற்று மட்டத்தைத் தனியாகக் குறியுங்கள். குளத்தின் பலன் எத்தனை தோட்டம்வரை எட்டுகிறது என்பது உங்கள் நோட்டில்தான் தெரியும்.

படி 9: கிணற்றுக்கு வெளியே யாரெல்லாம் குடிக்கிறார்கள் என்று பாருங்கள்

மழை நின்ற பிறகும் சில வாரங்கள் ஓடைகளில் நீர் ஓடுவது நிலத்தடியிலிருந்து கசிவதால்தான். நீர்மட்டம் ஓடைப் படுகைக்குக் கீழே போனால் அந்தக் கசிவு நிற்கிறது. பிறகு ஓடையே தண்ணீரை உறிஞ்சும் பள்ளமாகிறது. கிணற்றின்மேல் சாயும் கிளையில் கூடு கட்டும் தூக்கணாங்குருவிக்குக் கீழே தண்ணீர் இருப்பதே காவல். கேரளத்தின் செம்பாறைக் கிணறுகளில் கண்ணில்லாத மீன்கள் வாழ்கின்றன. நிலத்தடி நீரே அவற்றின் உலகம்.

காங்கேயம் பக்கத்துக் கொரங்காடுகளை இங்கே சொல்லியாக வேண்டும். முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரங்கள், மேயும் மாடுகள். ஒரு சொட்டுக் கிணற்று நீரும் கேட்காமல், பெய்யும் மழையில் ஒரு பங்கைக் கீழே அனுப்பும் நிலம் அது. அதை ‘வறண்ட காடு’ என்று விற்றுவிட்டு வீட்டுமனை போடும்போது, பக்கத்துத் தோட்டங்களின் வரவு குறைகிறது.

படி 10: பக்கத்துத் தோட்டத்தாரோடு உட்காருங்கள்

பாறை வெடிப்பு சர்வே எண் பார்த்து ஓடுவதில்லை. நீங்கள் மட்டும் சிக்கனமாக இருந்தால் மிச்சம் அடுத்த துளைக்குப் போகும். 2003-ல் தமிழ்நாடு நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கு வராமலேயே 2013-ல் நீக்கப்பட்டது. ஆகவே ஊர் சேர்ந்துதான் ஆக வேண்டும். மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜார் கிராமம் ஒவ்வோர் ஆண்டும் மழையை அளந்து, கிராம சபையில் நீர்க்கணக்கு வைத்து, எந்தப் பயிர் என்று முடிவு செய்கிறது. பாசனத்துக்கு ஆழ்துளை போடுவதில்லை என்றும் தீர்மானித்தது. ஆந்திரத்தில் பல மாவட்டங்களில் விவசாயிகளே கிணறுகளை அளந்து பயிர் நீர்க்கணக்குப் போட்டார்கள். நாமும் பத்துத் தோட்டங்களின் நோட்டுகளை மார்கழியில் ஒரு திண்ணையில் வைத்துப் பார்த்தால் போதும். தையில் என்ன நடலாம் என்ற பேச்சு அங்கிருந்தே தொடங்கும்.

படி 11: வற்றிய துளையை அன்றே மூடுங்கள்

2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், கைவிட்ட ஆழ்துளைக்குள் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையை உயிரோடு மீட்க முடியவில்லை. உச்ச நீதிமன்றம் 2010-லேயே வழிமுறை தந்திருக்கிறது: கைவிட்ட துளையை அடியிலிருந்து தரைமட்டம்வரை களிமண், மணல், கல் கொண்டு நிரப்ப வேண்டும். சாக்கும் பாறாங்கல்லும் மூடி ஆகாது. மீண்டும் பயன்படும் என்று நினைத்தால், கேசிங் குழாய்மேல் இரும்பு மூடியை வெல்டிங் செய்தோ போல்ட் போட்டு முடுக்கியோ, சுற்றிலும் சிமென்ட் மேடை கட்டுங்கள். ரிக் வண்டிக்கு முன்பணம் கொடுக்கும்போதே, தண்ணீர் வராவிட்டால் துளையை நிரப்பிவிட்டுத்தான் வண்டி வெளியே போக வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.